ஒன்றரை ஷிப்டுக்கு நடுவில் குரூப் 4

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புவது. ஒன்றரை ஷிப்ட் என்போம். நான் செக்கிங்கில், தைத்த பீஸில் குறை பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தேன். வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன், அத்தை, இரண்டு நேரச் சமையல். இதற்கு நடுவில்தான் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை எழுதினேன், இரண்டு முறை.

2022இல் முதல் முறை. தினமும் ஐந்து மணி நேரம் படித்தால்தான் ஆகும் என்று யாரோ யூடியூபில் சொன்னதை அப்படியே நம்பினேன். இரவு பத்தரைக்கு உட்கார்ந்து ஒரு மணி வரை, மறுபடி நாலரைக்கு எழுந்து ஏழு வரை. மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரு நாள், கழுத்துப் பட்டியில் ஓட்டை விழுந்த டி-ஷர்ட் ஒரு கட்டை முழுசாக நல்ல பீஸ் பக்கம் அடுக்கியிருக்கிறேன். கண் திறந்துதான் இருந்தது. சூப்பர்வைசர் எடுத்துக் காட்டும்வரை எனக்குத் தெரியவே இல்லை. திட்டு வாங்கினது மறந்துவிட்டது, அந்தப் பயம் மறக்கவில்லை.

ஜூலை 24, பரீட்சையிலும் அதே மந்தம். 200 கேள்வி, 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வியிலேயே பொழுது போய், கணக்குக்கு வந்தபோது பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. 25 கேள்வி, ஒவ்வொன்றும் ஒன்றரை மார்க். 37.5 மார்க்குக்கான விடை வட்டங்களையும் குருட்டாம்போக்கில் கருப்படித்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறைக்கு முன்னால் எதை விடுவது என்று கணக்குப் போட்டேன். தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. இரவுச் சாப்பாடு பையனோடுதான். அப்படியானால் விடுவதற்கு இருந்தது காசுதான். செவ்வாயும் வியாழனும் ஒரு ஷிப்டோடு ஐந்தரைக்குக் கிளம்ப அனுமதி கேட்டேன். இரண்டு அரை ஷிப்ட் சேர்ந்தால் வாரம் ஒரு முழு ஷிப்ட் கூலி போச்சு. "பாஸாகாட்டி என்ன பண்ணுவே கண்ணு?" என்றார் அத்தை. பதில் இல்லை. கட்டிக்கொண்டிருந்த சீட்டை முடித்துவிட்டு வேறு சேரவில்லை. எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்பவர்களை இன்றுவரை நான் நம்புவதில்லை.

படிப்பை இடம் பார்த்துப் பிரித்தேன். சமச்சீர் பள்ளிப் புத்தகங்களைப் பாடம் பாடமாகக் கிழித்து, நாளுக்கு ஒன்று சாப்பாட்டுப் பையில். டவுன் பஸ்ஸில் வரலாறும் அரசியலமைப்பும் ஓடும். தமிழ் செவ்வாய், வியாழன் மாலைகளில். அதில் 60 மார்க் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் விளையாட முடியாது. கணக்கு ஞாயிறு காலை, தலை தெளிவாக இருக்கும்போது மட்டும். "10 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் எத்தனை நாளில்" என்பான் கேள்வி எடுத்தவன். அவனை, சரக்கு அனுப்பும் ஒரு ஷிப்மென்ட் வாரத்தில் எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வர வேண்டும்.

ஷிப்மென்ட் வாரங்களில் புத்தகத்தைத் தொடவே இல்லை. காலண்டரில் அந்த ஏழு கட்டத்துக்கும் குறுக்கே "லீவு" என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். அப்படி எழுதியதில் மனசு அரிக்கவில்லை.

மாதம் இரண்டு ஞாயிறு, வட்டத்தைக் கருப்படிக்கும் ஓஎம்ஆர் விடைத்தாள் நகலை வைத்து முழுப் பரீட்சை. கணக்கு முதலில், அப்புறம் தமிழ். விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவதான ஈ (E) வட்டத்தைக் கருப்படிப்பது, கடைசியில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி எழுதுவது, இதையும் வீட்டிலேயே பழகுங்கள். பையன் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து மேற்பார்வையாளர் வேலை பார்ப்பான். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முறைப்பான்.

2024 ஜூன் 9 அன்று கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. இப்போதும் சாப்பிடும்போது பையன் ஏதாவது கேட்டுவிட்டு நாலு விடையும் கொடுக்கிறான். நான் யோசித்தால், "தெரியலைன்னா ஈ போடும்மா" என்கிறான்.