மூடும்போது நிகழ்வது

எங்கள் அலுவலகத்தின் விலைப்பட்டியல் நகல்கள் தொலைவிலுள்ள ஒரு சேமிப்பகத்தில் இருந்தன. அவற்றைத் தங்கள் லினக்ஸ் கணினிகளில் சாதாரணக் கோப்புறை போலவே கையாள வேண்டும் என்று கணக்குப் பிரிவினர் கேட்டபோது, நாம் எழுதும் சாதாரண நிரல் ஒன்றையே கோப்பு முறைமையாக இயங்கவைக்கும் ஃபியூஸைத் தேர்ந்தெடுத்தேன். மிக்லோஸ் செரேடி உருவாக்கிய இது 2005-இல் வெளியான 2.6.14 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பகுதியாக இருக்கிறது. கோப்பைத் திற, படி, எழுது என்று பயனர் கேட்பதையெல்லாம் கெர்னல் நம் நிரலிடம் தள்ளிவிடும்; லிப்ஃபியூஸ் நூலகம் அவற்றை நாம் எழுதிய செயற்கூறுகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதல் வாரத் தடுமாற்றங்கள் சிறியவை. கோப்பின் அளவைப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு, உள்ளடக்கம் ஏன் வெறுமையாக வருகிறது என்று அரை நாள் தேடினேன்.

பெரிய தவறு வேறு. எழுதப்படுவதைத் தற்காலிகக் கோப்பில் சேர்த்து வைத்து, கோப்பு மூடப்பட்டதும் சேமிப்பகத்துக்கு அனுப்பி, தற்காலிக நகலை அழிக்கும் வேலையை ‘ரிலீஸ்’ செயற்கூறில் வைத்திருந்தேன். பெயரும் அதற்கே பொருத்தமாகத் தோன்றியது. ஆனால் ரிலீஸ் திருப்பித் தரும் பிழை எண்ணைக் கெர்னல் பொருட்படுத்துவதில்லை; அது முடியும்வரை மூடுபவர் காத்திருப்பதும் இல்லை. ஒரு மாலை இணைப்பு அறுந்தபோது நகலெடுக்கும் கட்டளை வெற்றி என்றே முடிந்தது, கோப்புகளோ எங்கும் இல்லை. லிப்ஃபியூஸின் செயற்கூறுகளை வரையறுக்கும் தலைப்புக் கோப்பின் குறிப்புரையில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது என்பதை, நான் அதைப் படிக்காமல் கடந்திருந்தேன் என்ற வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

மூடுபவருக்குப் பிழையைத் தெரிவிக்கும் வாய்ப்பு ‘ஃப்ளஷ்’ செயற்கூறில்தான் உண்டு. ஆனால் ஒரே திறப்புக்கு அது பல முறை அழைக்கப்படலாம், ஏனெனில் திறந்த கோப்பைச் சுட்டும் கைப்பிடியை நிரல்கள் நகலாக்கிக்கொள்ளலாம்; அந்தக் கைப்பிடி ஒவ்வொன்றும் மூடப்படும்போதும் அது வரும். ஆகவே மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பும்படி ஓர் அடையாளத்தை வைத்தேன்; அனுப்புதல் தோற்றால் தற்காலிக நகலை அழிக்காமல் தக்கவைத்தேன்.

புதிய பதிப்பை நிறுவிய மறுநாளே கணக்குப் பிரிவின் மூத்த அலுவலர் என் மேசைக்கு வந்தார். “உள்ளீடு வெளியீட்டுப் பிழைன்னு வருது. முன்னாடி இப்படி வந்ததே இல்லையே, தம்பி?” என்றார்.