மீட்டரில் 12.6 வோல்ட், ஃபேன் போட்டால் கட்

சித்திரை மாத இரவு. கரண்ட் போகிறது. இன்வெர்ட்டர் இரண்டு நிமிடம் ஓடி, பீப் அடித்து நின்றுவிடுகிறது. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. "பேட்டரி நல்லாத்தானே இருக்கு, போர்டுதான் போச்சு" என்று போர்டை மாற்றுவது வீண்செலவு. அந்த 12.6 எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அது பேட்டரியின் மின்னியக்கு விசை. பெயரில் விசை இருந்தாலும் இது தள்ளுகிற, இழுக்கிற விசை அல்ல. அலகு நியூட்டனும் அல்ல, வோல்ட். ஒரு கூலும் மின்னூட்டத்துக்குப் பேட்டரியின் வேதிவினை எத்தனை ஜூல் ஆற்றல் கொடுக்கிறது என்ற கணக்கு இது. 12.6 வோல்ட் என்றால் கூலுமுக்கு 12.6 ஜூல்.

ஈயத்தகடும் அமிலமும் சேர்ந்த ஒரு செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6. ஸ்கூட்டர் பேட்டரிக்கும் இதே அளவுதான், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிக்கும் இதே அளவுதான். தகட்டின் பருமன் மின்னியக்கு விசையை மாற்றாது. அது மாற்றுவது அக மின்தடையை, அதாவது பேட்டரிக்கு உள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையை. தகடு பெரிதானால் தடை குறையும். தகட்டில் சல்பேட் படிந்தால் கூடும்.

லோடு ஏறும்போது டெர்மினலில் கிடைக்கும் வோல்ட் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அக மின்தடை). மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதனால் கழிய வேண்டியது கழியாமல், முழு 12.6-உம் தெரிகிறது. நோய் மறைந்துகொள்வது இங்கேதான்.

வெளிப்பட வைக்க ஒரு 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பும், மல்டிமீட்டரும் போதும். மீட்டர் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். சார்ஜ் முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். உடனே அளந்தால் எண் பொய்யாக ஏறி நிற்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருந்தால் பேட்டரியே ஷார்ட் ஆகும். ஃபியூஸ் இருந்தால் அது போகும், சமயத்தில் மீட்டரும் போகும்.

முதலில் 12.62 என்று வைத்துக்கொள்வோம். பல்பை ஸ்விட்ச் வழியாக, பேட்டரியிலிருந்து தள்ளி வைத்துப் போடுங்கள். சார்ஜ் ஆன பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும், தீப்பொறி பக்கத்தில் வரக் கூடாது. பல்பு எரியும்போது 12.25. 0.37 வோல்ட் இறங்கியிருக்கிறது, ஓடுவது சுமார் 4.6 ஆம்பியர். வகுத்தால் 0.08 ஓம். நல்ல பெரிய பேட்டரியில் இது சில மில்லிஓம்தான், அதாவது ஓமில் ஆயிரத்தில் சில பங்கு; எண் கொஞ்சம்தான் இறங்கும்.

இனி இரண்டு ஃபேன், லைட், டிவி சேர்ந்து 250 வாட். இன்வெர்ட்டர் இழப்பையும் கூட்டினால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 26 ஆம்பியர். 26 × 0.08 = 2.1 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. வெளியே மிச்சம் 10.5. பல இன்வெர்ட்டர்கள் கிட்டத்தட்ட அங்கேதான் கட் ஆகின்றன. போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் இன்னொரு சோதனை. இன்வெர்ட்டர் ஒயரைத் திரும்ப மாட்டி, லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஈயக் குமிழ் மேலும், மற்றதை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 0.3 வோல்ட் வந்தால் குற்றம் அங்கே பூத்திருக்கும் வெள்ளைப் பொடியில். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் பிரஷ் போட்டுத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். சோடா நீர் ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் போகக் கூடாது.

செல்லில் மட்டம் இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம்மூர் போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். அப்போதும் சும்மா இருக்கிற பேட்டரியில் மீட்டர் 12.6 காட்டக்கூடும்.