மார்த்தாவும் மூடப்பட்ட கழகங்களும்

பிரேசிலின் உதைபந்தாட்ட வீராங்கனை மார்த்தா விளையாடிய கழகங்களுள் எத்தனை அவருடைய விளையாட்டுக் காலத்திலேயே கலைக்கப்பட்டன என்று சென்ற வாரம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ரியோ டி ஜெனீரோவின் வாஸ்கோ ட காமா கழகத்தின் பெண்கள் பிரிவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் சோல், எஃப்.சி. கோல்ட் பிரைட், பிரேசிலின் சாந்தோஸ் பெண்கள் அணி, சுவீடனின் தீரேசோ என்று தாள் நீண்டுகொண்டே போனது. உலகின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருதை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 2018இல் ஆறாவது முறையும் பெற்ற ஒருவரின் பட்டியல் இது. அவருடைய கோல்களைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எனக்கோ இந்தப் பட்டியல்தான் அவருடைய விளையாட்டு வாழ்வின் உண்மையான வரலாறாகத் தோன்றுகிறது.

அதற்குக் காரணம் என் பள்ளிக்கூட நாட்களில் இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் படித்தபோது, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து மட்டுமே உரியது என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், ஓர் ஆசிரியர் எங்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். தோட்டத்தில் சமதரையாக இருந்தது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே உள்ள ஒரே மைதானம்தான். பந்து எல்லையைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டுவிடும். அதை எடுத்துவருபவள் காலில் அட்டையோடு திரும்புவாள். இரண்டு ஆண்டுகள் அப்படி விளையாடினோம். பிறகு அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது, அவர் போன மாதமே அணியும் இல்லாமற் போனது. எங்களுள் இருவர் மிகவும் திறமையானவர்கள். அவர்களுடைய திறமைக்கு எந்தக் குறையும் நேரவில்லை. விளையாடுவதற்கு ஓர் அணி இல்லை, அவ்வளவுதான். இன்று நானும் ஆசிரியையாக இருப்பதால், இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

மார்த்தா 1986 பெப்ரவரி 19ஆம் திகதி, பிரேசிலின் வடகிழக்கில் வறட்சி மிகுந்த அலகோவாஸ் மாநிலத்தின் தோய்ஸ் ரியாஷோஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாய் தெரேசா உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பெண்களின் இயல்புக்கு ஒவ்வாதவை என்று கருதப்பட்ட விளையாட்டுகளை அவர்களுக்குத் தடைசெய்த 1941ஆம் ஆண்டின் அரச ஆணை, 1979இல்தான், அதாவது மார்த்தா பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், நீக்கப்பட்டது. சட்டம் போனாலும் ஊராரின் பேச்சு போகவில்லை. பையன்களோடு தெருவில் பந்து உதைத்த அந்தப் பிள்ளை கேட்ட பேச்சுகளை எங்கள் லயங்களில் வளர்ந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். பதினான்கு வயதில் அவர் ரியோவுக்குப் பஸ் ஏறினார். பயணம் மூன்று நாட்கள். அங்கே வாஸ்கோ ட காமாவின் பயிற்றுநர் ஹெலேனா பஷேகோ அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிரிவு மூடப்பட்டபோது, பெலோ ஹொரிசொந்தேயில் இருந்த சிறிய கழகம் ஒன்றுக்குப் போனார்.

2003 உலகக் கிண்ணத்தில் பதினேழு வயதில் அவர் ஆடிய ஆட்டம் சுவீடனின் ஊமியோ கழகத்தின் கண்ணில் பட்டது. மறு ஆண்டே, வெப்பத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பெண் பனி மூடிய வடசுவீடனுக்குப் போய், அதே ஆண்டில் ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2005 முதல் 2008 வரை நான்கு சுவீடிஷ் லீக் பட்டங்களையும் அந்தக் கழகத்தோடு வென்றார். இந்தப் பகுதியை நான் விரைவாகக் கடந்து போகிறேன், ஏனெனில் இங்கே எல்லாம் நன்றாகவே நடந்தது.

அடுத்த ஐந்து ஆண்டுகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் புதிய தொழில்முறை லீக் தொடங்கியபோது லொஸ் ஏஞ்சல்ஸ் சோல் அவரை அழைத்தது. அந்த லீக்கில் அதிக கோல்களை அவரே அடித்தார். 2010 ஜனவரியில் கழகம் மூடப்பட்டது. கோல்ட் பிரைட்டுக்குப் போனார், அந்த ஆண்டே பட்டம் வென்றார்கள், ஆண்டு முடியுமுன் அந்தக் கழகமும் மூடப்பட்டது. வெஸ்டர்ன் நியூயோர்க் ஃபிளாஷுக்குப் போய் 2011இல் மீண்டும் பட்டம் வென்றார். 2012இல் லீக்கே கலைந்தது. இடையில் அவர் ஆடிய, 2009இல் அவரோடு தென்னமெரிக்காவின் லிபெர்த்தாதோரெஸ் கிண்ணத்தை வென்ற சாந்தோஸ் பெண்கள் அணியும் 2012இன் தொடக்கத்தில், செலவைக் குறைப்பதற்காக மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் தொடங்கினார்கள். தோற்ற அணி கலைந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். கிண்ணம் வென்ற அணிகளும் கலைந்ததற்கு, பெண்களின் ஆட்டத்தைச் செலவாக மட்டுமே கணக்கிட்டவர்களின் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சுவீடனுக்குத் திரும்பித் தீரேசோவில் சேர்ந்தார். 2012இல் அங்கேயும் லீக் பட்டம். 2014 மே மாதம் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பூர்க்குக்கு எதிராக அவர் இரண்டு கோல்கள் அடித்தும், முதலில் 2–0 என்று முன்னிலையில் இருந்த அணி 4–3 என்று தோற்றது. கழகம் கடனில் மூழ்கிக் கொண்டிருந்தது அந்த ஆட்டத்தின்போதே தெரிந்த விடயம். சில வாரங்களில் லீக்கிலிருந்தும் விலகியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரும் அடுத்த மாதம் தங்கள் கழகம் இருக்குமா என்று தெரியாமலே ஆடினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த இரண்டு கோல்களின் பெறுமதி எனக்குக் கூடிக்கொண்டே போகிறது.

நாட்டு அணியின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 2004, 2008 ஒலிம்பிக் இறுதிப் போட்டிகள் இரண்டிலும் மேலதிக நேரத்தில் அமெரிக்காவிடம் தோல்வி. 2007 உலகக் கிண்ண அரையிறுதியில் அதே அமெரிக்காவை 4–0 என்று வென்று, ஷங்ஹாயில் நடந்த இறுதிப் போட்டியில் ஜேர்மனியிடம் 2–0 என்று தோற்றார்கள். அதில் மார்த்தா உதைத்த பெனால்டியைக் கோல்காப்பாளர் நடின் ஆங்கெரர் தடுத்தார். 2019இல் இத்தாலிக்கு எதிராக அவர் அடித்தது அவருடைய பதினேழாவது உலகக் கிண்ணக் கோல். ஆண்களிலும் பெண்களிலும் அத்தனை கோல்கள் அதுவரை யாரும் அடித்திருக்கவில்லை. அந்தத் தொடரில் அவருடைய சப்பாத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆண் வீரர்களுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த தொகைக்கு ஒப்பமிட மறுத்து, சமத்துவத்தைக் குறிக்கும் இரண்டு கோடுகளை அதில் பதித்திருந்தார். பிரான்ஸிடம் தோற்று வெளியேறிய இரவில் கமராவைப் பார்த்து இளம் பெண்களிடம் அவர் பேசியதன் சாரம், என்றைக்கும் ஒரு மார்த்தா இருக்கமாட்டார், இந்த ஆட்டம் பிழைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது என்பதே. ஐந்து கழகங்கள் மூடப்பட்டதைப் பார்த்த ஒருவர் ‘பிழைத்திருப்பது’ என்று சொல்லும்போது, அதை வெறும் அலங்காரப் பேச்சாக என்னால் கேட்க முடியவில்லை.

2017இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோ பிரைட் கழகத்தில் சேர்ந்தார். அந்தக் கழகம் மூடப்படவில்லை. ஏழு ஆண்டுகள் அங்கேயே இருந்து, 2024இல், முப்பத்தெட்டாவது வயதில், அதன் தலைவியாகப் பட்டம் வென்றார். அதே ஆண்டு மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளியும் கிடைத்தது. 2025 ஓகஸ்டில் கீற்றோ நகரில் கொலம்பியாவுக்கு எதிரான, தென்னமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியில் மாற்று வீராங்கனையாக இறங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்யும் கோலை அடித்தார். பிரேசில் பெனால்டிகளில் வென்றது. 2027 உலகக் கிண்ணம் பிரேசிலிலேயே நடக்கவிருக்கிறது.

இந்த ஆண்டு எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகள் பதினான்கு பேர் மாலையில் பந்து பழகுகிறார்கள். ஹட்டன் டன்பார் மைதானத்துக்கு அவர்களை ஒரு நாள் அழைத்துப் போவதற்காகப் பெற்றோரிடம் ஒப்பம் வாங்கப் போனேன். ஒரு தாய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர், கூடையைக் கூட இறக்காமல், இத்தனை தூரம் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டார். நான் மார்த்தாவின் பஸ் பயணத்தைச் சொன்னேன்.

“மூனு நாளா?” என்றார். பிறகு என் பேனையை வாங்கிக்கொண்டு, “நம்ம புள்ளைக்கு அட்டனுக்கு ஒன்னர மணித்தியாலந்தானே டீச்சர். எங்க கையெழுத்து வைக்கணும்?” என்று கேட்டார்.