மொட்டை மாடில வடகமும் ஐஸ் ஹாக்கி பையும்

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மதுரைல எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வந்தீங்கன்னா ஒரு பக்கம் அம்மா ஊத்துன கூழ் வடகம் வேட்டில காஞ்சுகிட்டு கிடக்கும், இன்னொரு பக்கம் என்னோட ஷின் பேட், எல்போ பேட், தோள் பேட், தொடை வரைக்கும் பஞ்சு வச்ச பெரிய டவுசர், கிளவுஸு எல்லாம் மல்லாக்கக் கிடக்கும். நடுவுல கொடில ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு அம்மா எல்லை பிரிச்சு வச்சிருக்கு. போன மாசம் ஒரு நாள் காத்து எம்பக்கம் இருந்து அதும்பக்கம் அடிச்சுச்சு, அன்னைக்கு வடகத்துக்கு காக்காகூட வரலன்னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கு.

பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவங்க, கம்பி வலை வச்ச ஹெல்மெட்டைப் பாத்துட்டு "தம்பி வெல்டிங் பட்டறை எதும் போடப்போறீகளா?"ன்னாங்க. ஐஸ் ஹாக்கி விளையாடுற சாமான்க்கான்னேன். "அனுப்பானடில ஃபிரிட்ஜுக்குள்ளயே ஐஸ் நிக்க மாட்டேங்குது, இதுல ஐஸ்ல விளையாட்டா"ன்னுட்டு போயிட்டாங்க. நியாயமான கேள்விதான்.

கதை டொராண்டோ பக்கம் ஆரம்பிச்சது. முப்பத்தஞ்சு வயசு எனக்கு, அதுக்கு முன்னாடி ஐஸைத் தொட்டதுன்னா ஜிகர்தண்டாலதான். ஆபீஸ்ல கூட வேலை பாத்த யாழ்ப்பாணத்து நண்பன் ஒருத்தன், சின்ன வயசுலயே அங்க போனவன், "ஒருக்கா வந்து பார் மச்சான், விழுந்தாலும் நோகாது, உடம்பெல்லாம் பஞ்சு"ன்னு சொல்லி பெரியவங்களுக்கு சொல்லிக்குடுக்குற வகுப்புல சேத்துவிட்டான். நோகாதுன்னு சொன்னது பச்சைப் பொய்.

சாமான் பாதி பழைய விளையாட்டுச் சாமான் கடைல வாங்குனது, ஹெல்மெட்டும் ஸ்கேட்டும் மட்டும் புதுசு. ஸ்கேட்டை நம்ம ஷூ சைஸை விட ஒண்ணு ஒண்ணரை சைஸ் கம்மியா வாங்கணும், அது தெரியாம நான் ஒம்பது கேட்டு அடம்புடிச்சேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே ஏழரையை எடுத்து பன்னு மாதிரி ஓவன்ல வச்சு சூடாக்கி, இளகுனதும் கால்ல மாட்டி லேஸை இறுக்கி அப்படியே உக்கார வச்சுட்டாரு. ஆற ஆற நம்ம காலோட அச்சு அதுல விழுந்துரும். கால் மணி நேரம் ஆடாம அசையாம இருந்தேன், வெந்த கால் மாதிரி இருந்துச்சு, ஆனா அதுக்கப்பறம் எட்டு வருசமா ஒரு கொப்புளம் கிடையாது.

மொத நாள் டிரெஸ்ஸிங் ரூம்ல ஆர்வக்கோளாறுல எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்கேட்டை மாட்டி லேஸ் கட்டிட்டேன். அப்பறம் ஷின் பேட், அதுக்கு மேல சாக்ஸ், அதுக்கு மேல டவுசர்னு போடணும்ல, எது எந்த வழியா உள்ள போகும்? பிளேடு வேற டவுசரைக் கிழிக்கப் பாக்குது. நண்பன் தலைல அடிச்சுக்கிட்டு "டேய், சப்பாத்தைக் கழட்டு, முதல்ல காற்சட்டையைப் போடு"ன்னு கத்துனான், ரூமே சிரிச்சுச்சு, தமிழ் தெரியாதவனும் சிரிச்சான்.

ஓடக் கத்துக்கிறது பெரிய விசயம் இல்ல, நிக்கிறதுதான். ரெண்டு காலையும் பொசுக்குன்னு குறுக்க திருப்பி ஐஸைச் சீவிக்கிட்டு நிக்கணும், சர்ருன்னு பனித்தூள் பறக்கும். அது எனக்கு வர மூணு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நான் நின்னதெல்லாம் சுத்துச் சுவத்துல மோதித்தான். மேட்ச் நேரம் அதைவிடக் கொடுமை, நல்ல நேரத்தையெல்லாம் பசங்க டீமுக்குக் குடுத்துட்டு எங்கள மாதிரி பெருசுகளுக்கு ராத்திரி பத்தேமுக்கால்தான் கிடைக்கும், வெளிய மைனஸ் பதினஞ்சு. ஒரு தடவை இறங்குனா நாப்பத்தஞ்சு செகண்டு, மிஞ்சிப்போனா ஒரு நிமிசம், அம்புட்டுதான், மாத்து ஆள் குதிச்சிருவான். ஒரு நிமிசம்தானேன்னு நெனச்சேன், நுரை தள்ளிருச்சு. வீடு வந்து சேர நடுராத்திரி தாண்டிரும், சோத்துல தயிரை ஊத்தித் தின்னுட்டு படுத்தா தூக்கமும் வராது, கண்ணுக்குள்ள பக், அதான் பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு, ஓடிக்கிட்டே இருக்கும்.

அப்பாவுக்கு முடியாமப் போனதும் ஊரோட வந்துட்டோம். எல்லாத்தையும் வித்தேன், இந்தப் பையை விக்க மனசு வரல. ஒண்ணு சொல்றேன், அங்க இந்தச் சாமான் ஒருநாளும் முழுசாக் காஞ்சதே கிடையாது. ஈரத்தோட பைக்குள்ள, பை கார் டிக்கிக்குள்ள, அடுத்த வாரம் தொறந்தா ஆளையே தள்ளும். இங்க ரெண்டு மணி நேரத்துல அப்பளம் மாதிரி காஞ்சுருது. கிளவுஸ் உள்ளங்கைத் தோல் மட்டும் வெயில்ல வெடிச்சுப் போச்சு, தெரு முக்குல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்தேன், அம்பது ரூவாய்க்கு புதுத் தோல் வச்சு தச்சுக் குடுத்தாரு.

ஸ்கேட் பிளேடுலதான் சிக்கல். பை அடில கிடந்து அங்கங்க துரு புடிச்சிருந்துச்சு. தேங்காண்ணெய் போட்டுத் தேச்சுகிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன், "சாணை புடிக்கிறதேய்"னு சைக்கிள்ல பெரியவர் வந்துட்டாரு. அம்மா அருவாமனையை எடுத்துட்டு வந்துச்சு, நானும் சும்மா கேப்போமேன்னு ஸ்கேட்டை நீட்டுனேன். வாங்கி, ஒரு கண்ண மூடி, பிளேடு நெடுக பாத்தாரு. பெரு விரல் நகத்தை விளிம்புல லேசா இழுத்தாரு, நகம் பொடிப்பொடியா சீவிக்கிட்டு வந்துச்சு. டொராண்டோவுல எனக்கு சாணை புடிச்சவரும் அச்சு அசலா இதேதான் செய்வாரு, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

"தம்பி, இதுல நடுவுல வாய்க்கா ஓடுதே"ன்னாரு. கரெக்டாப் புடிச்சுட்டாரு மனுசன். மூணு மில்லி தகடுதான் அது, ஆனா கத்தி மாதிரி ஒரே விளிம்பு கிடையாது, நடுவுல நெடுக குழிச்சுவிட்டு ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு விளிம்பு. திரும்புறப்ப ஒரு விளிம்பு ஐஸைக் கடிக்கும். அந்தக் குழியைப் போட சாணைக் கல்லோட முகத்தையே மொதல்ல வைர முனையால வளைவாச் சீவணும், பொதுவா அரை இஞ்சு ஆரம், அந்த வளைவு அப்படியே பிளேடுல இறங்கும். ஆரம் கூடக்கூட குழி ஆழம் கம்மி, வழுக்கல் ஜாஸ்தி. இதெல்லாம் நான் சொல்லச்சொல்ல தலையாட்டிக்கிட்டே கேட்டுட்டு, "என் கல்லு நேர்க் கல்லு, இதுல வச்சேன்னா வாய்க்காலைத் தூத்துப்புடுவேன், வேண்டாம்"னு திருப்பிக் குடுத்துட்டாரு. அருவாமனைக்கு மட்டும் காசு வாங்குனாரு. தெரியலன்னா கைவைக்க மாட்டேன்னு சொல்ற ஆளு எத்தனை பேரு இருக்காங்க சொல்லுங்க.

மட்டையால ஒரு கூத்து. விடியக்காலைல டிவிஎஸ் எக்ஸெல்ல வச்சுக் கட்டிட்டு காமராசர் சாலைல போறேன், துணி சுத்தி அஞ்சடி நீளத்துக்கு என்னமோ நீட்டிக்கிட்டு இருந்தா மதுரைல போலீஸ் சும்மா விடுமா. பிரிச்சுக் காட்டுனேன். "ஹாக்கி மட்டையா, 2025 கடைசில நம்ம ரேஸ்கோர்ஸ்ல ஜூனியர் உலகக் கோப்பை நடந்துச்சே, அதுவா?" அது தரை ஹாக்கி சார், இது ஐஸுன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, அவரும் ஸ்கூல்ல ஆடுனவராம். "எங்க மட்டைல ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் பந்து பட்டா ஃபவுலு, இதுல ரெண்டு பக்கமும் அடிக்கலாமா?"ன்னாரு. அடிக்கலாம் சார்னேன். "நல்லா இருக்கேய்யா"ன்னு ரோட்டு ஓரத்துலயே ரெண்டு வீச்சு வீசிட்டுதான் குடுத்தாரு.

திரும்பி வர்றப்ப தெப்பக்குளத்துச் சுவத்துல உக்காந்து ஒரு டீ. இந்தக் குளம் வறண்டு கிடந்தப்ப உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடுன செட்டு நாங்க. ஐஸ் ஹாக்கி ரிங்க் 200 அடிக்கு 85 அடி. தெப்பக்குளம் ஏறக்குறைய 1000 அடிக்கு 950. இது மட்டும் உறைஞ்சா அம்பது ரிங்க்குக்கு மேல போடலாம், மைய மண்டபத்துல ஸ்கோர் போர்டு வச்சுக்கலாம்னு கணக்கு போட்டுக்கிட்டு இருப்பேன். சிரிக்காதீங்க, லடாக்ல லேன்னு ஒரு ஊரு, அங்க கர்சூன்னு ஒரு குளம், குளிருக்கு உறைஞ்சதும் அதுலதான் ஆடுறாங்க. 2025ல பொம்பளைகள் ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பைல நம்ம நாட்டு டீம் வெண்கலம் வாங்குச்சே, அதுல முக்காவாசி லடாக் பொண்ணுகதான். தை பொறந்ததும் ஒரு வாரம் லீவு போட்டு அங்க போகணும்னு இருக்கேன், பிளேடை அங்கயே சாணை புடிச்சுக்கலாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு பக்கத்து ஸ்கூல் பாஸ்கெட்பால் கோர்ட்டுதான். சிமெண்டுத் தரை, சக்கரம் வச்ச இன்லைன் ஸ்கேட்டு, பக்குக்குப் பதிலா பிளாஸ்டிக் பந்து, கூட ஆடுறது ஸ்கேட்டிங் கத்துக்கிற ஏழெட்டுப் பிள்ளைகளும் அவங்க கோச்சும். சிமெண்டுல விழுந்தா தோலு மிஞ்சாது, அதான் அம்புட்டு பேடும். சக்கரத்துல ஐஸ் மாதிரி குறுக்க திருப்பிச் சீவி நிக்கிறதும் லேசுல வராது, ஹாக்கி ஆடுற ஸ்கேட்டுல குதிகால் பிரேக்கும் கிடையாது. போன வாரம் பந்தோட முழு வேகத்துல போறேன், எட்டு வயசுப் பாப்பா ஒண்ணு பின்னாடியே வந்துகிட்டு "அங்கிள், உங்க பிரேக் எங்க?"ன்னு கேக்குது. பதில் சொல்றதுக்குள்ள பாஸ்கெட்பால் கம்பம் வந்துருச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப்புடிச்சு ஒரு சுத்து சுத்தி நின்னேன். "ஓ, அதுவா?"ன்னுட்டு பந்தை எடுத்துக்கிட்டு அது போயிருச்சு.