வலது காதால் வாங்குவது

மார்ச் 3, செவ்வாய்

மேசையில் மூன்று சின்தசைசர் பெட்டிகள். எதுவும் என்னுடையது இல்லை. மாதக் கடைசி வரை வைத்துக்கொள் என்று நண்பன் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்: கோர்க் மினிலாக், பெரிஞ்சர் மாடல் டி, ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக். "நாலாவதா ஒண்ணு இருக்கு, அதை நேர்ல போய்த்தான் பார்க்கணும்" என்றான். எது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இருக்கிற பணத்தில் இடது காதுக்கான ஸ்கேனுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியாயிற்று. மிச்சத்துக்கு இந்த மூன்றில் இரண்டு வாங்கலாம். இல்லையென்றால் நாலாவது மட்டும், அதுவும் இழுத்துப் பிடித்தால்.

மார்ச் 4, புதன்

மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும் என்று முன்பே சொன்னார்கள். மணி மூன்றரை. ஹெட்ஃபோன், வலது பக்கம் மட்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்க மினிலாக். 2016-இல் வந்தது. நாலு குரல், அதாவது ஒரே நேரத்தில் நாலு ஸ்வரம். குரலுக்கு இரண்டு அனலாக் ஆஸிலேட்டர், அலையைப் பிறப்பிக்கிற சுற்று. அந்த விலைக்கு நாலு குரல் அனலாக் என்பது அப்போது நம்பமுடியாத சங்கதி. விசைகள் ஒல்லி, விரல் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்காருகிறது. ஃபில்டரை இரண்டு துருவம், நாலு துருவம் என்று மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. நாலில் வைத்தால் மேற்சுரங்கள் சட்டென்று அடங்கிவிடுகின்றன, இரண்டில் வைத்தால் மேலே கொஞ்சம் காற்று மிஞ்சுகிறது.

வலது காதுக்கு அந்தக் காற்று தெரிகிறது.

நாலு குரல் போதுமா என்பதுதான் நாள் முழுக்க ஓடியது. ரிலீஸை, அதாவது விசையை விட்டபின் ஒலி தேய்கிற நேரத்தை, நீளமாக வைத்து ஒரு கார்டு, சில ஸ்வரங்களைச் சேர்த்து, அடித்துவிட்டு, அது தேயும் முன் அடுத்ததை அடித்தால் பழைய கார்டு அப்படியே வெட்டுப்படுகிறது. ஐந்தாவது விசைக்குக் குரல் வேண்டுமே, முதலில் பிடித்ததைப் பிடுங்கித்தான் கொடுக்கும். மெதுவான பேட், அதாவது நீண்டு நிற்கும் பின்னணி ஒலி, வாசிப்பவனுக்கு இது எரிச்சல். குட்டி லீட், பேஸ் வாசிப்பவனுக்குத் தெரியவே தெரியாது. நான் மெதுவான பேட் வாசிக்கிறவன்.

சின்னத் திரையில் அலையின் வடிவம் ஓடுகிறது. ரம்பப்பல் அலை ஃபில்டருக்குள் போய் மூலை மழுங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். விளம்பரத்துக்கு வைத்தது என்று மூன்று மாதம் முன்பு சொல்லியிருப்பேன். இன்று அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன்.

மார்ச் 7, சனி

மாடல் டி. 1970-இல் வந்த மினிமூக்கின் நகல், விசைப்பலகை இல்லாமல், ஒரு பெரிய புத்தகம் அளவுக்கு. மூன்று ஆஸிலேட்டர், ஒரே குரல். நினைவகம் கிடையாது. ஒரு ஒலி பிடித்துப் போனால் ஒவ்வொரு திருகும் எங்கே நிற்கிறது என்று காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும், அல்லது போனில் படம் எடுக்க வேண்டும். பழைய மினிமூக்கிலும் அப்படித்தான், இதற்காகக் குறை சொல்ல முடியாது.

அந்த ஏணி ஃபில்டர். ராபர்ட் மூக் 1969-இல் காப்புரிமை வாங்கியது. டிரான்சிஸ்டர் ஜோடிகள் படிப்படியாக அடுக்கியிருப்பதால் ஏணி. ஃபில்டர் வெட்டும் எல்லையருகே ஒலியைத் தூக்கும் ரெசனன்ஸை ஏற்ற ஏற்ற அடி ஒலி மெலிகிறது. புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்தச் சுற்றின் குணமே அதுதான். கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த எல்லையை, கட்ஆஃபை, மெல்ல மூடினால் ஒலி வாயை மூடுவதற்குப் பதில் தொண்டைக்குள் போகிறது. இதற்குத்தான் ஆட்கள் சொத்தை விற்கிறார்கள்.

ராத்திரி இரண்டு காதிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆஸிலேட்டர்களை அணைத்தாயிற்று. ஒன்றுதான் ஓடுகிறது.

இரண்டு கேட்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

திருகுகளை மறுபடி சரிபார்த்தேன். ஒன்றுதான்.

மார்ச் 10, செவ்வாய்

சரி, இதை நிதானமாக எழுதிவிடுகிறேன். இடது காதில் ஸ்வரம் கொஞ்சம் ஏறி நிற்கிறது. நடு விசைகளில் அவ்வளவாக இல்லை, மேலே போகப் போகத்தான் இடைவெளி அகலுகிறது. இரண்டு ஆஸிலேட்டரை உண்மையாகவே டிட்யூன் செய்தால், அதாவது சுருதியைக் கொஞ்சம் விலக்கினால், விம்மல் வரும்: 440 ஹெர்ட்ஸும் 442-ம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் "தடிமனான ஒலி" என்று விலை சொல்லி விற்கப்படுகிறது. என் காதில் கேட்கும் இரண்டில் விம்மல் இல்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். சண்டை போட்டுக்கொண்ட இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

விம்மல் உண்டென்றால் பெட்டி. இல்லையென்றால் நான். இதை வைத்துக்கொண்டு இனி எதையும் சோதிக்கலாம்.

அப்புறம் இடது காதில் ஓயாமல் ஓடும் இரைச்சல். ஃபில்டரின் ரெசனன்ஸை முழுக்க ஏற்றினால் அது தானே பாட ஆரம்பிக்கும், சுத்தமான சைன் மாதிரி. அதை வலது காதுக்குக் கொடுத்து கட்ஆஃபை மேலே மேலே நகர்த்தினேன். இடது காதில் இருக்கிற அந்தக் கீச்சும் இதுவும் ஒன்றாகிற இடம் 6000-க்குக் கொஞ்சம் கீழே. பியானோவின் கடைசி விசையே 4186 தான். எந்தப் பாட்டிலும் யாரும் வாசிக்காத ஸ்வரம், எனக்கு மட்டும் இலவசமாக, இருபத்துநாலு மணி நேரமும்.

மார்ச் 12, வியாழன்

2016-இல் மறுபடி வெளியிட்ட அசல் மினிமூக் ஒன்று ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறது, நண்பன் கூட்டிப்போனான். நகலையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். விலை வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல்.

முதலில் அசல்தான் அப்பட்டமாக ஜெயித்தது. அங்கே இருந்த தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணே, சத்தத்தைச் சமமா வெச்சிட்டுக் கேளுங்க" என்றான். மீட்டரைப் பார்த்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். பாதி வித்தியாசம் காணோம். ஒலி ஏறினால் காதுக்கு அடியும் உச்சியும் கூடுதலாகத் தெரியும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள், இருந்தும் கடைகளில் ஒவ்வொரு நாளும் யாரோ இரண்டு டெசிபலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஃபில்டரைத் திறந்து வைத்து ஒரே ஸ்வரத்தைப் பிடித்தால் எது எதுவென்று சொல்லமுடியவில்லை. ரெசனன்ஸோடு மெதுவாக மூடும்போது அசலில் ஏதோ ஒரு வழுக்கல் கூடுதல். அதையும் பாட்டுக்குள் டிரம்ஸ் வந்துவிட்டால் யார் கேட்பார்கள்?

கை மட்டும் ஏமாறவில்லை. அசலின் திருகு பெரியது, கனம், முழு உள்ளங்கையும் வேலை செய்கிறது. நகலில் திருகுகள் அண்டி அண்டி இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் சுண்டுவிரல் இன்னொன்றைத் தட்டுகிறது. பணம் போகிற இடம் அங்கே. அதை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் "ஒலிக்குத்தான் கொடுத்தேன்" என்று சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

வலது காதால் கேட்டு எழுதியது இது.

மார்ச் 13, வெள்ளி

நாளை முதல் மாத்திரை பாதி.

மார்ச் 15, ஞாயிறு

நாலாவது. ரோலண்ட் ஜூனோ-106. 1984.

விற்கிற பையனுக்கு வயதே அந்தப் பெட்டியில் பாதிதான் இருக்கும். "ஆறு குரலும் பேசுதுண்ணே, நீங்களே பாருங்க" என்றான். ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அடித்து ஒவ்வொரு குரலாகக் கேட்டேன். இந்த ரகத்தில் குரல் சிப்புகள் வயதாகிக் கைவிடும் என்பது ஊரறிந்த விஷயம். இதில் பழையதை எடுத்துவிட்டுப் புது மாற்றுச் சிப்புகள் போட்டிருக்கிறான், பில் காட்டினான். ஆறும் பேசின. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி.

உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. குரலுக்கு ஒரே ஆஸிலேட்டர், கூட ஒரு சப், அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே. அந்த ஆஸிலேட்டரும் டிஜிட்டல் கடிகாரம் பிடித்து நிறுத்துவது, சுருதி நகரவே நகராது. காகிதத்தில் பார்த்தால் மினிலாக்கே பணக்காரன். பிறகு கோரஸ் பொத்தானை அழுத்தினான்.

ஒரு ஒல்லி ரம்ப அலை அறை அகலத்துக்கு விரிந்தது. ஒரே ஒலியைக் கொஞ்சம் தாமதித்து, சுருதியைக் கொஞ்சம் ஆட்டி, இரண்டு பக்கமும் வேறு வேறாக அனுப்புகிறது. என் இரண்டு காதுகளும் இப்போது சம்பளமில்லாமல் செய்கிற வேலை அது, ஆனால் இதில் அழகாக இருக்கிறது.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்: கோரஸ் போட்டால் ஒரு "ஸ்ஸ்" வரும். பழைய தாமதச் சிப்புகளின் இரைச்சல். எல்லாரும் திட்டுவார்கள். விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் அந்த ஸ்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது, ஹெட்ஃபோனில் இரண்டு பக்கமும். இடது பக்கக் கீச்சு இல்லை. ஸ்ஸ் அதை மூடிவிட்டது. நான் ஒன்றும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பையன் பயந்துபோய், "கோரஸ் எல்லா ஜூனோவுலயும் இப்படித்தாண்ணே இரையும்" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தான். அணைத்துவிடாதே என்றேன்.

மார்ச் 16, திங்கள்

மாடல் டியிலும் இரைச்சல் உண்டு. வெள்ளை, இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் ஒரு சுவிட்ச். போட்டுப் பார்த்தேன். மூடத்தான் செய்கிறது. பத்து நிமிடத்தில் தலைவலி. இரைச்சலில்கூட விலை வித்தியாசம் இருக்கிறதா, அல்லது நானாகச் சொல்லிக்கொள்கிறேனா.

மார்ச் 17, செவ்வாய்

மைக்ரோஃப்ரீக்கை இத்தனை நாள் ஒதுக்கிவைத்திருந்தேன், மூன்றிலும் மலிவு என்பதால். ஆஸிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் மட்டும் அனலாக். விசைகள் அசையவே அசையாது, தகட்டின் மேல் தொட்டு வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் வெறுத்தேன். பிறகு கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் கிடைத்தது. 1983-இல் இருவர் சொன்ன எளிய சூத்திரம்: ஒரு துளி இரைச்சலைச் சின்னத் தாமதத்துக்குள் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து எண்களின் சராசரியை எடுத்தால் மீட்டிய தந்தி கேட்கும். விரலை அழுத்த அழுத்த ஒலி மாறுகிற மாதிரி வைத்தேன். தந்தி ஒலி சட்டென்று தேய்ந்துவிடுவதால் இடது காதுக்குத் தகராறு செய்ய நேரமே கிடைக்கவில்லை.

அனலாக்கா டிஜிட்டலா என்று கேட்கிறவர்களோடு இனி பேசப்போவதில்லை.

மார்ச் 18, புதன்

கேட்புச் சோதனை. சின்ன அறை, கனமான கதவு, கையில் ஒரு பொத்தான். 250-லிருந்து 8000 வரை சைன் அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே வந்து அந்தப் பெட்டி என்ன விலை என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார். ஒரு ஆஸிலேட்டர், ஒரே அலை, ஃபில்டர் இல்லை, விசைப்பலகை இல்லை, ஜூனோவைவிட விலை அதிகம். இருவரும் சிரித்தோம்.

இடது காதின் கோடு 2000 வரை சும்மா போகிறது. அதற்கப்புறம் படி இறங்குகிறது.

மார்ச் 20, வெள்ளி

இடது காது இப்படியே நின்றுவிட்டால் கணக்கு வேறு. மினிலாக்கின் வெளியீடு மோனோ. மாடல் டியும் மோனோ. ஸ்டீரியோ இல்லையே என்று குறையாக எழுதி வைத்திருந்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன். ஜூனோவின் விலையில் பாதி அந்த ஸ்டீரியோ கோரஸுக்குத்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்கிறவன் அதற்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? ஆனால் அந்த ஸ்ஸ் இரண்டு பக்கமும் வந்ததால்தானே மூடியது. ஆனால் ஸ்ஸுக்காக ஒருவன் சின்த் வாங்குவானா.

மார்ச் 21, சனி

அக்கா போனில்: "இப்ப எதுக்குடா அது?"

மார்ச் 23, திங்கள்

அளக்க ஒரு வழி கிடைத்தது. ஹெட்ஃபோனின் இடது பக்கம் மினிலாக், வலது பக்கம் மாடல் டி. இடதில் ஒரு மேல் ஸ்வரம் பிடித்துவிட்டு, வலதை அதோடு ஒன்றாகக் கேட்கும்வரை திருகுவது. பிறகு இரண்டையும் ட்யூனரில் பார்த்தால் என் காதின் பிசகு சென்ட்டில், அதாவது அரைச் சுருதியின் நூறில் ஒரு பங்கில், கிடைக்கும். நாற்பது.

அடுத்த மணி நேரத்தில் முப்பத்துமூன்று என்று வந்து துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால் ஆஸிலேட்டர் சூடேறிக்கொண்டிருக்கிறது, ஏழு சென்ட் அதனுடையது. அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். நகர்வதுதான் அனலாக்கின் உயிர் என்று கவிதை எழுதுவார்கள், எனக்கு இப்போது நகராத ஒன்று வேண்டும். மைக்ரோஃப்ரீக்கை வலது பக்கம் போட்டேன். கல் மாதிரி நிற்கிறது. மலிவுப் பெட்டிதான் அளவுகோல்.

மார்ச் 24, செவ்வாய்

முப்பத்தெட்டு.

மார்ச் 25, புதன்

முப்பத்தொன்று. ட்யூனரை இரண்டு தடவை பார்த்தேன். பெட்டி நகரவில்லை.

மார்ச் 26, வியாழன்

இருபத்தாறு.

ஜூனோ பையன் பேசினான். வேறொருவர் முன்பணத்தோடு வந்திருக்கிறாராம். "உங்களுக்காகத்தாண்ணே வெச்சிருக்கேன்" என்றான், எல்லாரிடமும் சொல்வதுதான். நாளை சாயங்காலம் வரை நேரம் கேட்டிருக்கிறேன். விலையில் ஏதாவது குறைப்பாயா என்றதற்கு மூடிபோட்ட பெட்டி ஒன்று சும்மா தருகிறேன் என்கிறான், குறைக்க மனமில்லை.

ஸ்கேன் காலை பத்தரைக்கு. உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு வரக்கூடாதாம். மைக்ரோஃப்ரீக்கை மட்டும் இன்னும் ஒரு மாதம் தருவாயா என்று நண்பனிடம் கேட்க வேண்டும்.