உம் கொட்டுகிறவர்

மே 4, ஞாயிறு

அக்கா மகனோடு உடன்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அருகிவரும் தொழில் ஒன்றைச் செய்தவரிடம் பேசிப் பதிவு செய்து வரச் சொல்லி அவனுடைய கல்லூரியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா பாதி வாழ்க்கையைப் பனையில் கழித்தவர். ஆள் கிடைத்தாயிற்று என்று பையனுக்குச் சந்தோஷம்.

கேள்விகளைத் தாளில் வரிசையாக எழுதி வந்திருந்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க தாத்தா?"

"முப்பது இருக்கும். காத்துக் காலத்துல கொறையும். ஒரு ஆனி மாசம் பாத்துக்க…"

பையனின் கண் தாளில். "கள்ளுக்கும் பதநீருக்கும் என்ன வித்தியாசம் தாத்தா?"

பெரியப்பா ஆனி மாசத்தை அப்படியே விட்டுவிட்டார். "கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதநீர். தடவலன்னா கள்ளு."

அரை மணி நேரத்தில் தாள் முடிந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அந்த ஆனி மாசத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் அவரிடமே இருக்கிறது.

மே 7, புதன்

பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நெதர்லாந்தின் நைமெகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். பத்து மொழிகளில் பார்த்தார்கள். ஜப்பானியர் வேகம், டேனிஷ்காரர் நிதானம். ஆனாலும் மொத்தத்தில் சராசரி இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்.

படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், பெயரை வாய் சொல்லவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைக் கட்டத் தொடங்கியிருக்கிறோம். இது கெட்ட பழக்கம் இல்லை, பேச்சு நடப்பதே இப்படித்தான். அதனால் 'பதிலை யோசிக்காமல் கேளுங்கள்' என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யோசித்துவிட்டுப் போகட்டும். யோசித்த பதிலைத் தூக்கிப்போட மனசு வருகிறதா என்பதுதான் விஷயம். பையனுக்கு அடுத்த கேள்வி முன்கூட்டியே தயார். அதைத் தூக்கிப்போடத்தான் முடியவில்லை.

அந்தப் பத்தில் தமிழ் கிடையாது. எங்கள் தெருவில் அளந்திருந்தால் கருவி குழம்பியிருக்கும். இங்கே ஒருவர் முடித்த பிறகா இன்னொருவர் தொடங்குகிறார்?

மே 12, திங்கள்

டீக்கடையில் ஒருவர் "முழங்கால் வலி தாங்கல" என்றார். பக்கத்தில் இருந்தவர் "எனக்கு மூணு வருஷமா இருக்கு" என்று பிடித்துக்கொண்டு, மருந்து, எண்ணெய், மருமகள் வரை போய்விட்டார். முதல் ஆள் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினார். 'எப்ப இருந்து?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வலி அவருடையதாகவே இருந்திருக்கும்.

மே 15, வியாழன்

இன்று படித்ததில் இது மனதில் நின்றது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்து 2000இல் வெளியிட்ட சோதனை. ஒருவர் தான் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக வேறொரு வேலை: கதையில் 't' எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைக் கவனிப்பது.

எதிரே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், சொல் சொல்லாகக் கவனிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கதைக்குள் இல்லை. விளைவு சொல்பவரிடம் தெரிந்தது. கதை சொதப்பியது, அதுவும் முடிவில். உச்சம் வர வேண்டிய இடத்தில் சட்டென்று நின்றார்கள், அல்லது முடித்ததையே சுற்றிச்சுற்றிச் சொல்லி, அது ஏன் பயங்கரம் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

வெறும் 'ம்' ஒரு வகை, எந்தக் கதைக்கும் பொருந்தும். கை தவறிய இடத்தில் 'ஐயையோ' என்பது வேறு வகை. அது அந்த இடத்துக்கு மட்டுமே உரியது. கவனம் சிதறியவர்களிடம் இந்த இரண்டாவது வகைதான் ரொம்பவும் அடிபட்டுப்போனது.

பையனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

மே 20, செவ்வாய்

பக்கத்து ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. பையனையும் கூட்டிப்போனேன். ராத்திரி வில்லுப்பாட்டு.

எல்லோரும் வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்த புலவரைப் பார்த்தார்கள். நான் இந்த முறை பக்கத்தில் இருந்து 'ஆமா' போடுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லா வரிக்கும் ஒரே ஆமா போடவில்லை. கதை நடக்கும்போது சின்ன ஆமா. சண்டை வரும்போது இழுத்த ஆமா. சில இடத்தில் புலவரின் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்கிறார். சில இடத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி "என்ன கேட்டான்?" என்கிறார். வருஷக்கணக்கில் இதே கதையைப் பாடுகிறவருக்கு என்ன கேட்டான் என்று தெரியாதா? கேள்வி வந்ததும் புலவர் குரலை ஏற்றுகிறார், உடுக்கை ஏறுகிறது, குடம் ஏறுகிறது. கேட்பதற்கென்றே மேடையில் சம்பளத்துக்கு ஆள் வைத்த கலை இது.

"மாமா, அவர் ஒருதடவை ஆமா போடல, கவனிச்சீங்களா?" என்றான் பையன். கவனித்தேன். சாவு வரும் இடம் அது.

மே 25, ஞாயிறு

மறுபடி பெரியப்பா வீடு. தாள் இல்லை. போனை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "அந்த ஆனி மாசம் என்ன ஆச்சு தாத்தா?" என்றான்.

காற்றில் மரம் ஆடியது, காலில் மாட்டிய தளைநார் அறுந்தது, மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயே இருந்தது. "ஐயோ, கீழ யாரு தாத்தா இருந்தா?" என்று இவன் கேட்டதும் பெரியப்பா நேராக உட்கார்ந்தார். கீழே இருந்தது பெரியம்மா. பதநீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அன்றைய கருப்பட்டி அத்தனையும் தீய்ந்துபோனது. அதற்கு மறுநாள் வரை திட்டு வாங்கினாராம்.

அதற்கப்புறம் நில வரப்புச் சண்டைக்குப் போய்விட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது, பையனுக்கு வரவில்லை.

மே 28, புதன்

பதிவு முழுக்கப் பையனின் 'ம்', 'ஐயோ', 'அப்புறம்?'. தாத்தா குரல் மட்டும் தெளிவாக வேண்டும், மற்றதை வெட்டிவிடு என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வெட்டிக் கேட்டுப் பார்த்தோம். பெரியப்பா காரணமே இல்லாமல் குரலை உயர்த்துகிற மாதிரி இருக்கிறது. வெட்டியது, வெட்டாதது இரண்டு பதிவையும் அனுப்பப் போகிறானாம்.