ஓடும் ஏரிப் பெட்டி: ஹாம்ஸ் பீர் விளம்பரத்தைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறேன்

நான் செய்யும் விளக்குப் பெட்டிக்குள் சுற்றும் படச்சுருள் இப்போது நேராக ஓடுகிறது. உருளையில் மேலேறி ஓரம் மடங்குவதும், கீழே வழிந்து பெட்டியில் உரசுவதும் நின்றுவிட்டது. இதுவரை நடந்ததை எழுதிவைக்க இதுதான் சமயம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பழைய பார்கள் சிலவற்றில் நீளமான விளக்குப் பெட்டி ஒன்றை இன்னும் பார்க்கலாம். உள்ளே ஒரு காட்டுக் காட்சி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கரையோரம் தீ மூட்டிய முகாம், கரையேற்றி வைத்த படகு, பிறகு ஆறு, அருவி, மறுபடி முகாம். 1960களில் ஹாம்ஸ் பீருக்காக மினியாபொலிஸில் இருந்த லேக்சைட் பிளாஸ்டிக்ஸ் செய்துகொடுத்த பெட்டி இது. பெயர் சீன்-ஓ-ராமா. ஓடுகிற நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்துப் போய்விடுகிறார்கள். அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். நான் பீர் குடிக்காதவன் என்பதால் வீட்டில் இதற்குக் கிடைத்த கிண்டல் தனிக்கதை.

ஹாம்ஸ் கம்பெனியின் கதை சுவையானது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய தியோடர் ஹாம், 1865இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு சிறு பீர் ஆலைக்கு உரிமையாளர் ஆனார். கொடுத்த கடனுக்கு ஈடாக இருந்த ஆலை அது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. அதையும் கம்பெனி தாக்குப்பிடித்தது. மதுவிலக்கு முடிந்த அதே 1933இல், குடும்பத்தின் வாரிசான வில்லியம் ஹாமை ஒரு கொள்ளைக் கும்பல் கடத்தி ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டுதான் விட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கேம்ப்பெல்-மித்துன் என்ற விளம்பர நிறுவனம் ஹாம்ஸுக்கு ஒரு முகம் கொடுத்தது. 'வானநீல நீர்களின் நாட்டிலிருந்து' என்ற வாசகம், பின்னணியில் மேள அடி, 1950களில் தொலைக்காட்சியில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்த ஒரு கார்ட்டூன் கரடி. அந்தக் கரடிக்குச் செயின்ட் பால் நகரில் இன்று சிலையே இருக்கிறது.

மேள அடி மட்டும் எனக்கு உறுத்தல். டகோட்டா, ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் மண் இது. அவர்களை ஏரிகளிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, அவர்களுடையது என்று தோன்றும்படி ஒரு தாளத்தைப் போட்டு பீர் விற்றிருக்கிறார்கள். என் பெட்டியில் சத்தம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. 1954இலிருந்து ஹாம்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலும் காய்ச்சப்பட்டது. அந்த ஆலைக் கூரையில் நியான் விளக்கால் ஆன பெரிய கண்ணாடிக் குவளை ஒன்று இரவெல்லாம் நிரம்பி நிரம்பிக் காலியாகிக்கொண்டிருந்தது. பீர் கலிபோர்னியாவில் காய்ச்சப்பட்டாலும் விளம்பரத்தில் மினசோட்டா ஏரிதான். விற்றது ஏரியை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடும் பெட்டியின் காட்சியில் யாரும் எதையும் குடிக்கவில்லை, 'குடியுங்கள்' என்றும் எழுதவில்லை. ஓரத்தில் பெயர் எரிகிறது, அவ்வளவுதான்.

இனி வேலை. ஒரு நண்பர் வழக்கமாகப் போகும் பாரில் அனுமதி கேட்டு, பெட்டி ஒரு முழுச் சுற்று ஓடுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டேன். அதை அப்படியே நகலெடுக்கவில்லை. சுப்பீரியர் ஏரியின் வடகரையில் நான் எடுத்த புகைப்படங்களை வைத்து 180 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புதிதாக வரைந்தேன். பைன் மரங்கள், பாறைக்கரை, ஒரு சிவப்புப் படகு. தொடக்கத்திலும் முடிவிலும் அடர்ந்த காடு வருமாறு பார்த்துக்கொண்டேன், படத்தின் இரு முனைகளையும் சேர்க்கும் ஒட்டு அங்கேதான் வரப்போகிறது.

ஒட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படச்சுருளை நேர்க்கோட்டில் வெட்டி ஒட்டினால், அந்த இடம் உருளையைத் தாண்டும்போதெல்லாம் முழு உயரமும் ஒரே நொடியில் ஏறி இறங்கும், படம் 'டக்' என்று குதிக்கும். சாய்வாக வெட்டினால் ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக உருளையைக் கடக்கும், குதிப்பு தெரியாது. அந்தச் சாய்வை ஒரு பைன் மரத்தின் சரிந்த விளிம்போடு பொருத்திவிட்டேன். எங்கே ஒட்டு என்று கேட்டால் வீட்டில் இதுவரை யாரும் சரியாகக் காட்டவில்லை.

உருளைகள் ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய், வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில் பதினொன்றரை சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கிறது, விளக்கு அங்கே. நான்கு உருளை என்றால் நான்கும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஒன்று முடியளவு சாய்ந்தாலும் படம் ஏறத் தொடங்கிவிடும். பழைய பட்டறைகளில் பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள், நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். பெல்ட் தானாகவே அந்தப் புடைப்புக்கு வந்து நிற்கும். அதே தந்திரத்தை ஓட்டும் உருளையில் செய்தேன், நடுவில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. அதற்கு மேல் சுற்றினால் படத்தின் நடுவில் சுருக்கம் விழுகிறது. பின் உருளை ஒன்றை ஸ்பிரிங்கில் பொருத்தி இழுவிசை கொடுத்ததும் படம் அடங்கியது.

நீலம் என்னைப் படாதபாடு படுத்தியது. கையில் பிடித்துப் பார்க்க அழகாக இருந்த அச்சு, பின்னால் விளக்குப் போட்டதும் வெளிறிப்போனது. ஒளி ஊடுருவும் அச்சுக்கு மை இருமடங்கு வேண்டும். கடையில் பின்னொளிக்கென்றே வரும் பேக்லிட் ஃபிலிமில் அடர்த்தியாக அடித்துத் தரச் சொன்னேன். மரமும் பாறையும் சரியாகிவிட்டன, ஏரி மட்டும் பாசி பிடித்த குளத்து நிறம். காரணம் விளக்கு. நான் போட்டது 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி, அதில் நீல ஒளி குறைவு. அசல் பெட்டிக்குள் இருந்ததோ டியூப் லைட். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டைக்கு மாறியதும் ஏரி ஏரியாக ஆனது. இந்த விளம்பரத்தில் நீலம் போனால் மிச்சம் ஒன்றுமில்லை.

எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரியாமலிருக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைவிட, விளக்குக்கும் அதன் ஒளியைப் பரப்பும் பால்நிற அக்ரிலிக் பலகைக்கும் உள்ள தூரம் அதிகமாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஓடும் படத்தின் நிழல் முன்னால் விழாமல் நடுவே வெள்ளை அட்டை.

அடுத்து வேகம். என்னைப் பொறுத்தவரை முழுப் பெட்டியும் இதில்தான் இருக்கிறது. வேகத்தை மாற்றக்கூடிய சின்ன மோட்டாரை வைத்துத் தேடினேன். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் படகு 60 சென்டிமீட்டர் சாளரத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது, ரயில் ஜன்னலில் பார்ப்பது மாதிரி. கண் நான்கு தடவை பார்த்துவிட்டுச் சலித்துவிடும். 3 சுற்றுக்கு இறக்கினேன். படகு கடக்க ஒன்றரை நிமிடம், முழுச் சுற்றுக்கு நாலரை நிமிடம். இப்போது படம் நகர்கிறதா இல்லையா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிறது. அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கத் தோன்றுகிறது. பாரில் உட்கார்ந்திருப்பவன் அந்த அருவி வரட்டும் என்று இன்னொரு பாட்டில் சொல்லியிருப்பான். கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

நிரந்தர மோட்டாராகப் பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுழற்றும் மோட்டாரையே எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துல்லியமாக 3 சுற்று, சத்தமே இல்லை. ஆனால் இந்த வகை மோட்டாருக்குத் திசை கிடையாது. சுவிட்சைப் போட்ட கணத்தில் எந்தப் பக்கம் வாய்க்கிறதோ அந்தப் பக்கம் சுற்றும். ஒரு நாள் ஆறு முன்னோக்கி, மறுநாள் பின்னோக்கி. அச்சில் ஒரு பல்சக்கரமும் தடுப்புக் கொக்கியும் வைத்தேன். தவறான திசையில் கிளம்பினால் கொக்கியில் முட்டி, எதிர்ப்பக்கம் துள்ளி, சரியாக ஓடத் தொடங்குகிறது. 120 வோல்ட் என்பதால் மோட்டாருக்குத் தனி மூடியும் ஃபியூஸும் போட்டிருக்கிறேன். செய்து பார்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த வேலை அருவி. நீர் விழுவது போல மினுங்க, படத்துக்குப் பின்னால் சாய்கோடு போட்ட ஒளிபுகு உருளை ஒன்று தனியாகச் சுற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால் அருவியும் படத்தோடு நகர்கிறது, மினுக்கும் உருளை நகராது. சாளரத்தின் நடுவில் மட்டும் மினுங்கினால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு இன்னும் நான்கு சென்டிமீட்டர் ஆழம் தேவை. சனிக்கிழமை பலகை வாங்கிவந்து பெட்டியை மறுபடி அறுக்க வேண்டும்.